கோவையில் ஒரு பந்து... கோழிக்கோட்டில் ஒரு பந்து! நாகர்கோவில் ரசிகரின் திக் திக் 90 நிமிடம்!

கோவை மைதானத்தில் ஒரு பந்து உருண்டது. அதே நேரத்தில் கோழிக்கோடு மைதானத்தில் இன்னொரு பந்து உருண்டது. ஆட்டம் இரண்டு. கோப்பை ஒன்று!

2019-ம் ஆண்டு மார்ச் மாதம் 9-ந்தேதி, சனிக்கிழமை. "ஐ-லீக்" கால்பந்து போட்டியின் கடைசி நாள். கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணியும், பஞ்சாபில் இருந்து வந்த மினர்வா அணியும் மோதின. கோழிக்கோட்டில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியும், கேரளாவின் கோகுலம் அணியும் மோதின.

நாலு அணி ஆடினாலும் பட்டத்துக்கு மல்லுக்கட்டியது இரண்டே அணிதான். ஒன்று சென்னை சிட்டி. இன்னொன்று ஈஸ்ட் பெங்கால். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்!

நாகர்கோவிலில் இருந்து ராத்திரி ரயில் ஏறிப் போய் அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அன்று ஜெயித்தது யார் என்று விளையாட்டுப் பக்கம் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் ஜெயித்தவன் பிறகு என்ன ஆனான், தோற்றவன் எங்கே போனான் என்பதுதான் ஆட்டத்தைவிடப் பெரிய கதை. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒரே புள்ளி!

முதலில் கணக்கு. கடைக்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

அந்த சீசனில் 11 அணிகள். ஆளுக்கு 20 ஆட்டம். ஜெயித்தால் 3 புள்ளி. டிரா என்றால் 1. தோற்றால் பூஜ்யம். இரண்டு அணியும் 19 ஆட்டம் ஆடி முடித்த நிலையில் சென்னை சிட்டி 40 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளி.

சென்னை சிட்டி ஜெயித்துவிட்டால் பேச்சே இல்லை, பட்டம் நமக்கு. டிரா செய்தால் 41. அந்தப் பக்கம் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் 42. பட்டம் கொல்கத்தாவுக்கு ரயில் ஏறிவிடும்!

எதிரி லேசுப்பட்ட எதிரியா? ஈஸ்ட் பெங்கால் 1920-ல் பிறந்த கிளப். நூறு வயதைத் தொடப் போகிற பெரிய வீடு. கடைசியாக அவர்கள் தேசிய லீக் பட்டம் வாங்கியது 2003-04 சீசனில். பதினைந்து வருடப் பசி அவர்களுக்கு.

நம்ம ஆள்? ஐ-லீக்கில் சென்னை சிட்டிக்கு அது மூன்றாவது சீசன்தான். அதற்கு முந்தைய 2017-18 சீசனில் பத்து அணிகளில் எட்டாவது இடம். அந்த வருடம் பட்டம் வாங்கியது யார் தெரியுமா? இதே மினர்வா! ஆக, போன வருட சாம்பியனைத் தோற்கடித்தால்தான் இந்த வருட சாம்பியன். கதை எழுதுகிறவன்கூட இப்படி முடிச்சுப் போட மாட்டான்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. அதற்கு முந்தைய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸ் அணியிடம் சென்னை சிட்டி 2-3 என்று தோற்றிருந்தது. அன்றே ஜெயித்திருந்தால் கடைசி நாளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டிய தலைவிதியே வந்திருக்காது.

குமரிக்கு என்ன சம்பந்தம்?

"சென்னை பேரு வச்ச கிளப்பு. கோயமுத்தூர்ல ஆடுது. நாரோயில்காரனுக்கு இதுல என்னவே சோலி?" என்று கோட்டாறு கடைவீதியில் என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

சம்பந்தம் இருக்கிறது ஐயா! கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று எட்டு ஊர்கள். ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போகிறவர்கள். கரையில் இருந்தால் பந்து. ஜூன், ஜூலை இரண்டு மாதம் மேற்குக் கரையில் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போது அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். வலை காய்கிற இடத்தில் பந்து உருளும்.

அந்த இரவிபுத்தன்துறை பெற்ற பிள்ளைதான் மைக்கேல் சூசைராஜ். 2017-18 சீசனில் சென்னை சிட்டி சட்டை போட்டு இடது ஓரத்தில் மின்னலாக ஓடியவர். அணி எட்டாவது இடத்தில் கிடந்தாலும் இவர் காலைப் பார்க்கவே கூட்டம் வந்தது.

அந்த சீசன் தொடங்கியது 2017 நவம்பர் 25-ந்தேதி. ஐந்தே நாளில், நவம்பர் 30-ந்தேதி, ஒக்கி புயல் அடித்தது. இந்த எட்டு ஊர்களில் இருந்து கடலுக்குப் போன பலர் வீடு திரும்பவில்லை. தெருவுக்குத் தெரு ஒப்பாரி. அந்த வருடக் கிறிஸ்துமசுக்கு அந்தக் கரையில் யாருக்கும் ஸ்டார் கட்ட மனசு இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் நம்ம ஊர்ப் பையன் ஒருவன் தேசிய லீக்கில் பந்தை உருட்டிக்கொண்டு ஓடுகிறான் என்றால், அது வெறும் விளையாட்டுச் செய்தியா? நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த சீசனில் சூசைராஜ் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டார். அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜின் சென்னை சிட்டியிலேயே இருந்தார். தம்பி போனால் என்ன, அண்ணன் இருக்கிறார் என்று எங்கள் பாசமும் அங்கேயே தங்கிவிட்டது.

மற்றபடி அணி ஒரு கதம்பம். பயிற்சியாளர் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். கோல் அடிக்கிற பெட்ரோ மான்சி, உருகுவேயில் பிறந்து ஸ்பெயின் பக்கம் ஆடியவர். நெஸ்டர் கோர்டிலோ, சாண்ட்ரோ, எஸ்லாவா, கோல்கீப்பர் நவுசெட் சந்தானா எல்லாம் ஸ்பெயின். பேர் சென்னை, வீடு கோவை, கோல் அடிக்கிற கால் வெளிநாடு, பாசம் குமரி!

காலேஜ் மோதலும் எல்லைக்கோடும்

மோதல் ஆட்டம் என்பது நாகர்கோவிலுக்குப் புதுசு இல்லை. 1893 முதல் கல்லூரியாக நடக்கும் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஒரு பக்கம். 1952-ல் வந்த இந்துக் கல்லூரி இன்னொரு பக்கம். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மாணவன். ஒரு காலேஜ் மாட்ச் பார்த்துவிட்டு வந்தால் தொண்டை கட்டிவிடும். மறுநாள் வகுப்பில் "உள்ளேன் ஐயா" சொல்லக் குரல் வராது.

ஆனால் இந்த ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. எதிரி மாறிக்கொண்டே இருப்பான்!

என் பெரியப்பா காலத்தில் நம்ம காலேஜ்கள் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. அதுவே பிறகு கேரளப் பல்கலைக்கழகம் ஆயிற்று. பல்கலைக்கழகப் போட்டி என்றால் திருவனந்தபுரம்காரன்தான் எதிரி. 1956 நவம்பர் 1-ந்தேதி குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. நம்ம காலேஜ்கள் அங்கே போயின. உடனே எதிரி யார்? மதுரைக்காரன், பாளையங்கோட்டைக்காரன்! 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தபோது மதுரையும் கழன்றுவிட்டது.

கோடு மாறினால் கோபமும் மாறும். ஆனால் காது மாறவில்லை. 1973 டிசம்பர் 27-ந்தேதி எர்ணாகுளம் மகாராஜா காலேஜ் மைதானத்தில் சந்தோஷ் டிராபி பைனல். கேரளா 3, ரயில்வே 2. மூன்று கோலையும் அடித்தவர் கேப்டன் மணி. முதல் முறையாக அந்தக் கோப்பை கேரளாவுக்கு. நாகர்கோவில் தமிழ்நாட்டுக்கு வந்து பதினேழு வருடம் ஆகியும், பெரியப்பா மலையாள ரேடியோவில் காதை வைத்துக் கேட்டு விட்டுத் துண்டை வீசியவர். "கேரளாக்காரன் ஜெயிச்சா உமக்கென்ன?" என்றால், "நல்லா ஆடுதவன் எவனோ அவன் நம்மாளுடே" என்பார்.

1986-ல் திருவனந்தபுரத்தில் நேரு கோப்பை நடந்தபோது நானும் பஸ் பிடித்து ஓடினேன். ஆக, இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண் என்றே வளர்ந்தவர்கள் நாங்கள். 2019 மார்ச் 9-ந்தேதி அந்த இரண்டு கண்ணுக்கும் ஒரே நேரத்தில் வேலை வந்தது!

கோவை போய்ச் சேர்ந்தோம்

நாலு பேர் கிளம்பினோம். கோட்டாறில் இரும்புக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர். சின்னத்துறைக்காரர் ஒருவர். செல்போனை இறக்கி வைக்காத கல்லூரிப் பையன் ஒருவன். நாலாவது ஆள் நான்.

காலையில் கோவையில் இறங்கினோம். குளித்து, டிபன் சாப்பிட்டு, வெயில் தாழ மைதானம். நேரு ஸ்டேடியத்தைச் சுற்றிலும் கடைகள். பக்கத்திலேயே வ.உ.சி. பூங்கா. அன்று கடைக்கு வந்தவனும் மேட்சுக்கு வந்தவனும் கலந்து நின்றான்.

நுழைகிற நேரத்தில் பாறசாலையில் இருந்து என் மைத்துனர் போன் செய்தார். கேரளத்தில் குடியிருப்பவர். "அளியா, இன்னைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே டீம்தான் பார்த்துக்கோ!" என்று சிரித்தார்.

உண்மைதான். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலை மடக்க வேண்டியது கோகுலம். கேரளா அணி! நம்ம கோப்பைக்காக கேரளாக்காரன் ஜெயிக்க வேண்டும் என்று அன்று தமிழ்நாட்டில் எத்தனை பேர் வேண்டிக்கொண்டார்களோ! பெரியப்பா இருந்திருந்தால் துண்டை எடுத்துத் தயாராக வைத்திருப்பார்.

மூன்றாவது நிமிடமே இடி!

விசில் ஊதியது. ஜனம் உட்காரக்கூட இல்லை. மூன்றாவது நிமிடம். மினர்வாவின் ரோலண்ட் பிலாலா பந்தை வலைக்குள் தள்ளினார். கோல்! சென்னை சிட்டி 0, மினர்வா 1.

மைதானம் அப்படியே அடங்கிவிட்டது. சுண்டல் விற்கிறவன் குரல் மட்டும் கேட்டது.

"என்னவே, மூணாவது நிமிசத்துலயே சோலிய முடிச்சுட்டானுவளே!" என்று இரும்புக்கடை அண்ணாச்சி தலையில் கையை வைத்தார்.

"பதறாதீரும் ஓய். இன்னும் எம்பத்தேழு நிமிசம் கெடக்கு" என்றார் சின்னத்துறைக்காரர். "ராவு முழுக்க வலையப் போட்டுட்டு காத்துக் கெடக்கவனுக்கு இதெல்லாம் ஒரு நேரமாவே?"

அண்ணாச்சி பதில் பேசவில்லை. வெற்றிலையை எடுத்தார். போடவில்லை. திரும்ப மடித்து வைத்தார்.

சென்னை சிட்டி சும்மா ஆடவில்லை. வந்து வந்து மோதினார்கள். அந்த சீசன் முழுக்கக் கோல் மழை பொழிந்த அணி அல்லவா? அன்று பந்துக்கு மட்டும் வலை தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் "ஆ...!" என்று எழுவோம். "ச்சே" என்று உட்காருவோம். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி நேரம். பெஞ்சில் எழுந்து உட்கார்ந்தே முட்டி வலித்தது.

இடைவேளை விசில் ஊதியபோதும் 0-1.

"அங்கே என்னடே?" என்று பையனைக் கேட்டோம். அவன் செல்போனைக் காட்டினான். கோழிக்கோட்டில் 0-0.

அங்கே கோல் விழாத வரை இங்கே உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து வரிசையில் ஒரு கோவைக்காரர், முன்பின் தெரியாதவர், எங்களுக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்தார். "எந்த ஊருங்க?" என்றார். "நாகர்கோவில்" என்றோம். "அத்தனை தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, ஜெயிக்காம அனுப்ப மாட்டோமுங்க" என்றார். அவர்தான் கோல் அடிக்கப் போகிற மாதிரி!

பெனால்டி!

இரண்டாவது பாதி. 56-வது நிமிடம். நடுவர் கையை நீட்டிய இடம் பெனால்டி புள்ளி!

பந்தை எடுத்து வைத்தவர் பெட்ரோ மான்சி. அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே, இந்தியன் ஆரோஸ் அணிக்கு எதிராக, மூன்று கோல் போட்டுக் கணக்கைத் தொடங்கியவர்.

ஒரு வருட உழைப்பு, பன்னிரண்டு அடி தள்ளி நிற்கும் ஒரு கோல்கீப்பரிடம் வந்து நிற்கிறது என்று சொல்லத் தோன்றும். உண்மையில் பெனால்டி தூரம் பன்னிரண்டு கெஜம். ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்கு அடியாகத்தான் தெரியும்!

மான்சி ஓடி வந்தார். அடித்தார். கோல்! 1-1.

அந்த சீசனில் அது அவருக்கு 21-வது கோல். அரங்கமே அதிர்ந்தது. இரும்புக்கடை அண்ணாச்சி மடித்து வைத்த வெற்றிலையை இப்போது வாயில் போட்டார்.

ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. டிரா என்றால் 41. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு கோல் போட்டு ஜெயித்தாலும் போச்சு. இன்னொரு கோல் வேண்டும்!

இரண்டு சத்தம்!

69-வது நிமிடம். கவுரவ் போரா. அசாம் மாநிலத்துப் பையன். தற்காப்பு ஆட்டக்காரர். கோல் அடிப்பது அவர் வேலை இல்லை, கோல் விழாமல் பார்ப்பதுதான் வேலை. அந்தப் பையன் முன்னால் ஏறி வந்து பந்தை வலைக்குள் போட்டான்! 2-1!

பேய்க் கூச்சல். அந்தக் கூச்சல் அடங்குவதற்குள் இன்னொரு கூச்சல். மைதானத்தில் ஒன்றும் நடக்கவில்லையே, ஏன் கத்துகிறார்கள்? நம்ம பையன் செல்போனைத் தூக்கிக்கொண்டு குதித்தான். "மாமா! கோழிக்கோட்டுல கோகுலம் கோல் அடிச்சாச்சு! மார்கஸ் ஜோசப்!"

இங்கே நாம் முன்னால். அங்கே எதிரி பின்னால். அந்தப் பத்து நிமிடம் இருக்கிறதே, அதுதான் சொர்க்கம். டீ வாங்கிக் கொடுத்த கோவைக்காரர் சின்னத்துறைக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாறசாலை மைத்துனர் போனில் கத்தியது பக்கத்து வரிசை வரைக்கும் கேட்டது.

திரும்பவும் வயிற்றில் புளி!

சொர்க்கம் பத்து நிமிடம்தான்.

79-வது நிமிடம். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு பெனால்டி. ஜெய்மி சாண்டோஸ் அடித்தார். 1-1.

85-வது நிமிடம். லால்டான்மாவியா ரால்டே. ஈஸ்ட் பெங்கால் 2, கோகுலம் 1!

பையன் முகம் செத்துவிட்டது. செல்போனைக் கீழே இறக்கிவிட்டான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மைதானம் முழுக்க ஒரு முணுமுணுப்பு காற்று மாதிரி ஓடியது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கணக்கு மாறிவிட்டது.

ஈஸ்ட் பெங்கால் இப்போது 42. சென்னை சிட்டி இதே 2-1-ல் முடித்தால் 43. பட்டம் நமக்கு. மினர்வா ஒரே ஒரு கோல் போட்டு 2-2 ஆக்கினால்? 41. பட்டம் கொல்கத்தாவுக்கு!

இருபது ஆட்டம். ஐந்து மாதம். எல்லாம் கடைசி சில நிமிடத்தில் ஒரு கோலில் தொங்குகிறது. மினர்வாவுக்கு இழக்க ஒன்றும் இல்லை. அவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு நம்ம பக்கம் வருகிற ஒவ்வொரு முறையும் என் கை முன் இருக்கைக்காரரின் தோளைப் பிடித்துவிடும். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கை அவருக்கு முன்னால் இருந்தவரின் தோளில் இருந்தது!

"மணி என்னவே?" "நிமிசம் என்ன?" இதே கேள்விதான் எல்லா வாயிலும். 88. 89. 90. முடியவில்லை. காயத்துக்காகக் கூடுதல் நேரம். ஒவ்வொரு விநாடியும் ஒரு மணி நேரம்.

இரும்புக்கடை அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். "நடந்தா சொல்லும் ஓய், நான் பாக்க மாட்டேன்." எத்தனை வருடமாக எத்தனை கொள்முதல் நஷ்டத்தைப் பார்த்த மனிதர்! இதைப் பார்க்கத் தெம்பு இல்லை.

கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிடம். மினர்வா எல்லா ஆளையும் முன்னால் அனுப்பியிருந்த நேரம். அதே பையன். அதே கவுரவ் போரா. கோல்! 3-1!

அண்ணாச்சி கண்ணைத் திறப்பதற்குள் நாங்கள் மூன்று பேரும் அவர் மேல் விழுந்துவிட்டோம்.

சென்னை சிட்டி 43. ஈஸ்ட் பெங்கால் 42. அதே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஐ-லீக் கோப்பை முதல் முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. "ஐ.எஸ்.எல்." போட்டியில் சென்னையின் அணி 2015-லும் 2018-லும் பட்டம் வாங்கியது தனிக் கதை. அது கோடிக் கணக்கில் புரளும் பந்தயம். எட்டாவது இடத்தில் கிடந்தவன் ஒரே வருடத்தில் உச்சிக்கு ஏறிய கதை இது.

சின்னத்துறைக்காரர் மட்டும் கத்தவில்லை. சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். "ஒக்கியில போன நம்ம பயலுவ ரெண்டு பேரு இருந்திருந்தா, இன்னைக்கு நம்ம கூட ரயிலேறி வந்திருப்பானுவ" என்றார். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ஜெயித்தவன் என்ன ஆனான்?

இனிமேல்தான் கதையின் மறுபக்கம்.

ஐ-லீக் சாம்பியன் என்ற முறையில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஆடும் வாய்ப்பு சென்னை சிட்டிக்குக் கிடைத்தது. 2020 ஜனவரி 14-ந்தேதி, பொங்கலுக்கு முதல் நாள், பஹ்ரைன் நாட்டு ரிஃபா அணியுடன் ஆட்டம். எங்கே தெரியுமா? கோவையில் இல்லை. அகமதாபாத்தில்! கத்த வேண்டிய கூட்டம் எல்லாம் இங்கே இருக்க, ஆட்டம் அங்கே. 0-1 என்று தோல்வி.

சரி, சாம்பியன் ஆனால் மேல் லீக்குக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். உலகம் முழுக்க அப்படித்தான். இங்கிலாந்தில் கீழ் லீக்கில் முதல் இடம் வந்தவன் அடுத்த வருடம் மேல் லீக்கில் ஆடுவான். ஆனால் இங்கே அப்போது ஐ-லீக்கில் இருந்து ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறுவதற்கு ஏணியே கிடையாது. 2019-ல் ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக் என்று ஆக்கினார்கள். வகுப்பில் முதல் மார்க் வாங்கியும் பையன் அதே வகுப்பில் உட்கார்ந்த கதை.

ஏணி வந்தது 2022-23 சீசனில். அந்த வருடம் ஐ-லீக்கில் ஜெயித்து, அந்த ஏணியில் முதன்முதலாக ஏறி ஐ.எஸ்.எல்.லுக்குப் போன அணி எது? பெயர் மாறிய பழைய மினர்வா! ஆம் ஐயா, கோவையில் அன்று 1-3 என்று தோற்றுத் தலை குனிந்து போன அதே பஞ்சாப் அணி.

கோழிக்கோட்டில் தோற்ற கோகுலம்? அவர்களும் 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ஐ-லீக் பட்டம் வாங்கினார்கள்.

அன்று தோற்ற ஈஸ்ட் பெங்கால்? 2020-ல் ஐ.எஸ்.எல்.லில் நுழைந்துவிட்டது.

அன்று ஜெயித்த சென்னை சிட்டி? 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை!

அன்றைய நாலு அணியில் பட்டம் வாங்கியது ஒன்று. காணாமல் போனதும் அதே ஒன்று. இதைவிட விசித்திரம் உண்டா?

பையன்கள் எங்கே போவார்கள்?

எதிரி மாறுவது நமக்குப் பழக்கம். திருவனந்தபுரம் போய் மதுரை வந்தது. மதுரை போய் நெல்லை வந்தது. அதனால் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. யாரோ ஒரு எதிரி இருந்தான். மோத நமக்கு ஒரு அணி இருந்தது. எதிரி இருந்து, நம்ம அணி இல்லாமல் போவதுதான் கொடுமை.

சூசைராஜைப் பாருங்கள். ஜாம்ஷெட்பூர் போனார். 2019-ல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்குப் போனார். அதே வருடம் இந்திய அணிச் சட்டையும் போட்டார். 2020 மார்ச்சில் ஏ.டி.கே. ஐ.எஸ்.எல். கோப்பை வாங்கியபோது, அது பைனலில் தோற்கடித்தது சென்னை அணியை! 2020 நவம்பர் 20-ந்தேதி கேரளா பிளாஸ்டர்சுக்கு எதிரான ஆட்டத்தில் தொடக்கத்திலேயே காலில் அடிபட்டு வெளியே வந்தார். பிறகு ஒடிசா அணிக்காகவும் ஆடினார். பெருமைதான். நல்லா ஆடுகிறவன் நாலு ஊருக்குப் போகத்தான் செய்வான்.

ஆனால் முதல் படி வேண்டாமா? இரவிபுத்தன்துறையில் இருந்து ஒரு பையன் நேராக ஜாம்ஷெட்பூரில் போய் நிற்க முடியாது. நடுவில் ஒரு கோவை வேண்டும். ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய்ச் சேரும் தூரத்தில் ஒரு அணி. தமிழில் திட்டுகிற ஒரு கூட்டம். "நம்ம ஊர்ப் பயல்" என்று டீ வாங்கிக் கொடுக்கிற முன்பின் தெரியாத ஒரு கோவைக்காரர். சென்னை சிட்டி அந்தப் படியாக இருந்தது.

கோப்பையைத் திருப்பிக் கேட்க யாராலும் முடியாது. 2018-19 ஐ-லீக் சாம்பியன் யார் என்று எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் நம்ம பேர்தான் இருக்கும். ஆனால் பேரை வைத்துக்கொண்டு மேட்ச் பார்க்க முடியுமா?

தொழில் அதிபர்கள் இருக்கிறார்கள். கால்பந்து சங்கத்தார் இருக்கிறார்கள். விளையாட்டுத் துறை இருக்கிறது. எட்டு ஊரிலும் பையன்கள் தயார். இரண்டு கம்பை மணலில் நட்டால் அவர்களுக்கு கோல் போஸ்ட். சட்டை கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

யாராவது முன்வருவார்களா?